எண்ணெயும் நீரும்: கல்கத்தா கண்ட ஒரு மருந்தின் வரலாறு

கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டை அடுத்த தெருக்களில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நாமும் அவ்வட்டாரத்திலேயே குடியிருக்கின்றோம். சில திங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுது, மருந்தாக்கவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் அண்டை வீட்டுப் பெண், விரல் அளவேயான கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொணர்ந்து நம் மேசைமீது வைத்தாள். அதனுள் பால் போன்ற வெண்ணிற நீர்மம் இருந்தது.

"மாமா, இதில் பாதி எண்ணெய், பாதி தண்ணீர். ஆறு வாரமாயிற்று, இன்னும் பிரியவில்லை. சோப்பு ஒரு துளியும் சேர்க்கவில்லை. தோல்நோய்க்கான மருந்தை இந்த எண்ணெயில் கரைத்துக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன். நான் என்ன படிக்கிறேன் என்று ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி கேட்கிறாள். தமிழில் எப்படிச் சொல்வது?" என்றாள்.

அரசாங்கச் சுற்றறிக்கைகளையும் விதித்தொகுப்புகளையும் தமிழாக்குவதிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, இப்படி ஒரு கேள்வி வந்தது மகிழ்ச்சியாகவே இருந்தது. 'எமல்ஷன்' என்பதற்குப் 'பால்மம்' என்பது நம் கலைச்சொல். அவ்வயற்சொல்லும் பால் கறத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்று பிறந்ததே. ஆகவே நம் கலைச்சொல்லாளர் இட்ட பெயர் மூலத்திற்கு மிக அண்மையில் நிற்கின்றது. எண்ணெய் நுண்துளிகளாக நீரினுள்ளோ, நீர் நுண்துளிகளாக எண்ணெயினுள்ளோ பரவி நிற்பது பால்மம். அத்துளிகள் ஒன்றோடொன்று கூடி மீண்டும் இரண்டாகப் பிரிந்துவிடாமற் காக்க ஏதேனும் ஒரு காவல் வேண்டும். பசுவின் பாலில் அக்காவலைப் புரதமும் அதைச் சார்ந்த பொருள்களும் செய்கின்றன. கடைகளில் விற்கும் களிம்புகளில் பெரும்பாலும் சோப்பைப் போன்ற வேதிப்பொருள்கள் செய்கின்றன. இப்பெண்ணின் குப்பியிலோ, கண்ணுக்குப் புலனாகாத துத்தநாக ஆக்சைடுத் துகள்கள் ஒவ்வொரு துளியையும் சுற்றி அரண் அமைத்து நிற்கின்றனவாம். 'துகள்காப்புப் பால்மம்' என்று சொல்லலாம் என்றோம்.

அத்தொடரோடு பாட்டியிடம் சென்றோம். அம்மையார் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். நாம் நீட்டி முழக்கி விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதற்கா இத்தனை படிப்பு? சுண்ணாம்புத் தெளிவையும் தேங்காயெண்ணெயையும் ஒன்றாக அடித்தால் வெள்ளையாய்த் திரண்டு வருமே! தீப்புண்ணுக்கு நாங்கள் அதைத்தானே போட்டோம்?" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் பொருத்தமானது. சுண்ணாம்புத் தெளிநீரில் உள்ள கால்சியம், எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத ஒருவகைச் சோப்பாகின்றது. அச்சோப்பு நீர்த்துளிகளை எண்ணெயினுள் பிடித்து நிறுத்துகின்றது. தேங்காயெண்ணெய்க்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெயைக் கொண்டு இதே கலவையை ஸ்காட்லாந்தில் காரன் என்னும் ஊரின் இரும்பாலைத் தொழிலாளர் தம் தீக்காயங்களுக்கு இட்டுவந்தனர். அதனால் ஐரோப்பிய மருந்து நூல்களில் அதற்குக் 'காரன் எண்ணெய்' என்றே பெயர். (தீக்காயத்தின்மீது எண்ணெய் எதனையும் தடவலாகாது, ஓடும் குளிர்நீரில் நெடுநேரம் காட்டுவதே தக்கது என்பது இன்றைய மருத்துவர் கூற்று. நேயர்கள் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.) ஆயுர்வேதத்திலும் நெய்யைச் செப்புக்கலத்திலிட்டு நூறுமுறை நீரால் கழுவிக் கடைந்து வெண்களிம்பாக்கும் முறை உண்டு. ஆக, எண்ணெயையும் நீரையும் ஒன்றுகூட்டித் தோலுக்கு மருந்தாக்கும் எண்ணம் நம் நாட்டிற்குப் புதியதன்று.

ஆயினும், அக்கூட்டுறவு எளிதில் கைகூடாமையால் இதே நகரத்தில் எண்ணற்ற நோயாளர் ஒரு காலத்தில் பெருந்துன்பம் உற்றனர். கையில் மருந்து இருந்தது. அதனை உடலுக்குள் கொண்டு சேர்க்கும் வழிதான் இல்லை. அவ்வரலாறு இன்று பலருக்கும் தெரியாது. அதில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமொன்றுக்கும், செங்கற்பட்டுக்கும் பங்குண்டு என்பதனால், வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்க்கு அதனை எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகின்றோம்.

தொழுநோய்க்குச் சால்முக்ரா எண்ணெயைக் கொடுக்கும் வழக்கம் கிழக்கிந்தியாவிலும் பர்மாவிலும் மிகத் தொன்மையானது. நோயுற்றுக் காடேகிய அரசன் ஒருவன் ஒரு மரத்தின் பழத்தைத் தின்று உடல்நலம் பெற்றான் என்னும் கதை அவ்விரு நாடுகளிலும் வழங்குகின்றது. ஐரோப்பிய மருத்துவ உலகிற்கு இவ்வெண்ணெயை அறிமுகப்படுத்தியவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பிரெடரிக் ஜான் மோவாட் என்பவர். 1854இல் அவர் இதனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். உள்ளுக்கும் கொடுத்து, புண்களின்மீதும் இட்டு, குணம் தெரிகின்றது என்று எழுதினார்.

ஈண்டு மொழிபெயர்ப்பாளராகிய நமக்குச் சுவையான ஒரு செய்தியையும் சொல்லிச் செல்ல வேண்டும். ஹௌராவைச் சேர்ந்த சிப்பூரில் கங்கைக்கரையில் இருக்கும் தாவரவியல் பூங்காவை நேயர்களுள் பலர் கண்டிருப்பர். அதன் கண்காணிப்பாளராயிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சால்முக்ரா விதை தரும் மரம் இதுவே என்று ஒரு மரத்தைக் குறித்துவைத்தார். அம்மரம் பின்னர் 'கைனோகார்டியா' என்னும் பெயர் பெற்றது. ஆனால் கடைகளில் விற்ற விதை அம்மரத்தினுடையதன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் எவரும் இப்பிழையை உணர்ந்திலர். அதே பூங்காவின் கண்காணிப்பாளராகப் பின்னர் வந்த டேவிட் பிரெய்ன், உண்மையான விதை வேறொரு மரத்தினுடையது என்பதை 1901இல் நிலைநாட்டினார். அம்மரம் இன்று ஹிட்னோகார்ப்பஸ் இனத்தில் வைத்து எண்ணப்படுகின்றது. பிழை திருந்திய பின்னரும் பழைய பெயர் போகவில்லை. அதன் பின்னும் பல்லாண்டுகள் மருத்துவர்கள் தம் மருந்தைக் 'கைனோகார்டேட்' என்றே அழைத்துவந்தனர். ஒருமுறை அச்சேறிய தவறான சொல்லை அகற்றுவது எத்துணை அரிது என்பதை எம்மைப் போன்றோர் நன்கறிவர்.

இனி நோயாளியின் நிலையைப் பார்ப்போம். சால்முக்ரா எண்ணெய் வாய்க்குள் சென்ற மாத்திரத்தில் குமட்டும். சில துளிகளில் தொடங்கி நாளுக்கு நாள் அளவைக் கூட்ட வேண்டும். கூடிய அளவை எட்டுமுன்பே பலர்க்கு வயிறு ஏற்க மறுத்துவிடும். திங்கட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உட்கொண்டாலன்றிப் பயன் இல்லை என்று மருத்துவர் சொல்ல, மூன்றாம் வாரத்திலேயே நோயாளர் அதனைக் கைவிட்டனர். எண்ணெயை ஊசிவழிச் செலுத்திப் பார்த்தனர். அதுவோ தடித்த எண்ணெய். உடலின் ஈரத்தோடு கலவாது. குத்திய இடத்திலேயே கட்டியாகத் தங்கி, வலி தந்து, சிலர்க்குச் சீழும் பிடித்தது.

அக்காலத்தில் தொழுநோயாளரின் வாழ்வு எவ்வாறிருந்தது என்பதை நினைவிற் கொண்டால்தான் இத்துன்பத்தின் அளவு புலப்படும். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆதரவற்றுத் திரியும் நோயாளரைப் பிடித்துத் தனி இல்லங்களில் அடைக்கலாம். அச்சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கல்கத்தாவின் கோப்ரா பகுதியிலும் அத்தகைய இல்லம் ஒன்று இருந்தது. நோய் தெரிந்துவிட்டால் வீடும் தொழிலும் போய்விடும். ஆதலின், கையில் ஓர் உணர்ச்சியற்ற தேமல் தோன்றியவுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டியவன், அதனை மறைத்து ஒளிந்து வாழ்ந்தான். விரல்கள் மடங்கிய பின்னரே வெளிப்பட்டான். அப்பொழுது எம்மருந்தும் பயன்படாது.

1904இல் இலண்டனில் பிரெடரிக் பவர் என்பவரும் அவர் துணைவரும் சால்முக்ரா எண்ணெயைப் பகுத்து, மற்றைத் தாவர எண்ணெய்களில் காணாத வளைய அமைப்புடைய கொழுப்பு அமிலங்கள் அதில் இருப்பதைக் கண்டனர். இனி எண்ணெயை முழுமையாகக் கொடுக்க வேண்டுவதில்லை. அவ்வமிலத்தை மட்டும் பிரித்து, நீரில் கரையும் வடிவில் ஆக்கிவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கையைக் கல்கத்தாவில் செயற்படுத்தியவர் லெனார்ட் ராஜர்ஸ். 1900 முதல் 1920 வரை மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியற் பேராசிரியராக விளங்கிய இவரே, இன்று சித்தரஞ்சன் சாலையில் நாம் காணும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி எழக் காரணமானவர். அதற்கு 1914இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் அது முழுமையாக இயங்கலாயிற்று. பிலிப்பைன்ஸ் தீவுகளில் தொழுநோய்ப் பணியாற்றிய விக்டர் ஹெய்சர் தூண்ட, ராஜர்ஸ் 1915இல் இம்முயற்சியைத் தொடங்கினார்.

அவருக்குத் துணைநின்ற வேதியியலாருள் சுதாமய் கோஷ் என்னும் வங்கப் பெருமகனாரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அமிலத்தைச் சோடியத்தோடு சேர்த்து நீரிற் கரையும் உப்பாக்கினர். வேதியியல் நோக்கில் அது ஒருவகைச் சோப்பே. இங்குதான் நம் கதையின் முடிச்சு இருக்கின்றது. எண்ணெயையும் நீரையும் இணைக்கும் தூதனாக அவர்கள் இங்குக் கையாண்டது சோப்பையே. அச்சோப்புநீரைத் தோலடியிலும், பின்னர் இரத்தக்குழாயிலும் ஊசிவழிச் செலுத்தினர். குமட்டல் ஒழிந்தது; நோயாளர் பலர் தேறியதாகவும் எழுதினர். ஆனால் தூதனே ஊறு செய்தான். சோப்பு பட்ட இரத்தக்குழாய்ச் சுவர் புண்பட்டு, குழாய் அடைத்துக்கொண்டது. ஒரு கையில் குழாய் அடைத்தால் மறுகையைத் தேட வேண்டும். அதுவும் அடைத்தால் வேறிடம் தேட வேண்டும்.

இதில் வியப்பான ஒரு திருப்பமும் உண்டு. மீனெண்ணெயினின்று இதே முறையில் செய்த 'சோடியம் மொருயேட்' என்னும் சோப்பையும் ராஜர்ஸ் பயன்படுத்திப் பார்த்தார். இரத்தக்குழாயை அடைக்கும் அதன் தீக்குணமே பின்னாளில் மருந்தாயிற்று. காலில் புடைத்துச் சுருண்ட சிரைகளை மூடுவதற்கென்றே 1930ஐ ஒட்டி மேலைநாட்டு மருத்துவர் அதனைக் கையாளத் தொடங்கினர்.

கல்கத்தாவில் இவ்வாறு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவில் ஓர் இளம்பெண் வேறுவழி கண்டாள். ஆலிஸ் பால் என்னும் அக்கறுப்பினப் பெண்மணிக்கு அப்பொழுது அகவை இருபத்து மூன்று. ஹவாய்க் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்த அவள், அவ்வமிலத்தைச் சோப்பாக்காமல் சாராயத்தோடு இணைத்து 'எத்தில் எஸ்டர்' ஆக்கினாள். அது நீர்போல் மெல்லியதாய் ஓடும். உடல் அதனை ஏற்றுக்கொள்ளும். தன் முறையை அச்சில் வெளியிடுமுன் 1916இல், இருபத்து நான்காம் அகவையில், அவள் மறைந்தாள். கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அவ்வேலையைத் தொடர்ந்து, அவள் பெயரைக் கூறாமலே வெளியிட்டார். பலகாலம் அது 'டீன் முறை' என்றே வழங்கிற்று. ஹவாய்ப் பல்கலைக்கழகம் அவளைப் போற்ற 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

எஸ்டர் முறை விரைவில் கல்கத்தாவிற்கும் வந்தது. 1920இல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தொழுநோய் ஆய்வுப் பிரிவை ஏற்ற எர்னஸ்ட் மியூர், அதற்கு முன் வங்காளத்துக் கால்னாவில் ஊர் மருத்துவராய்ப் பணியாற்றியவர். எளியோர்க்கு எட்டாத மருந்து மருந்தன்று என்பதை அவர் கண்கூடாக அறிந்திருந்தார். எஸ்டரோடு கற்பூரத்தையும் கிரியோசோட்டையும் ஒலிவ எண்ணெயையும் சேர்த்து வலி குறையச் செய்தார். பின்னர் இன்னும் எளிமையாக, தூய புத்தெண்ணெயில் சிறிதளவு கிரியோசோட்டு மட்டும் சேர்த்து ஊசி போடலானார். ஊசிபோட்ட இடம் புண்பட்டதற்கு எண்ணெய் மட்டும் காரணமன்று, அது பழையதாய்க் கெட்டிருந்ததும் ஒரு காரணம் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று.

அப்புத்தெண்ணெய் எங்கிருந்து வந்தது? பர்மாக் காட்டு விதை வந்து சேரவே நாளாகும், விலையும் மிகுதி. ஆகவே மருத்துவர் கண்கள் தெற்கே திரும்பின. மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலில் ஆறுகளின் ஓரங்களில் செழித்து வளரும் ஒரு மரத்தின் விதையில் அதே அமிலங்கள் நிரம்ப இருந்தன. சென்னை மாகாணத்துத் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் என்பாரின் பெயரால் தாவரவியலார் அதனை 'ஹிட்னோகார்ப்பஸ் வைட்டியானா' என்றனர். மலையாளிகள் மரோட்டி என்பர். அதன் காய்த்தோட்டைப் பிளந்து விளக்காக ஏற்றுவது அவர் வழக்கம். தமிழர் அதனை மரவெட்டி என்றும் நீரடிமுத்து என்றும் அழைப்பர். சித்த மருத்துவர் தோல்நோய்களுக்கு நெடுங்காலமாகக் கையாண்டுவரும் நீரடிமுத்து அதுவே. வங்கத்து மருத்துவமனைகளில் நோயாளரின் உடலிற் புகுந்த எண்ணெய், நம் மூதாதையர் அறிந்த விதையின் எண்ணெய் என்பதை எண்ணுங்கால் நமக்கு ஒரு நெருக்கம் தோன்றுகின்றது. பெருமிதம் கொள்வதற்கு முன், அவ்வூசியின் வலியையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வாரம் இருமுறை, ஆண்டுக்கணக்கில், தோலின் தடிப்புகளிலேயே பல இடங்களில் குத்துவார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் நோய் நீங்கியதா? நேர்மையாகச் சொன்னால், தொடக்கநிலையில் இருந்தோர் பலர் தேறினர். அவருள் ஒருபகுதியார் மருந்தின்றியும் தேறியிருக்கக் கூடியவர் என்று பின்வந்தோர் கருதினர். முற்றியோர்க்கு நோய் திரும்பிற்று. ஆயினும் சால்முக்ரா ஊசியால் ஒரு நன்மை ஐயத்திற்கு இடமின்றி விளைந்தது. அடைத்து வைப்பதற்காக அன்றிக் குணப்படுத்துவதற்காக மருத்துவர் அழைக்கின்றனர் என்று தெரிந்ததும், ஒளிந்திருந்தோர் தாமே வெளிப்போந்து மருந்தகத்தின் வாயிலில் நின்றனர். மியூர் இதனையே பெரிதாக மதித்தார். நம் கருத்தும் அதுவே.

1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் இன மருந்து கையாளப்பட்டபோது சால்முக்ராவின் ஆட்சி முடிவுக்கு வந்தது. அம்மருந்துகளின் தாய்ப்பொருளாகிய டாப்சோனை, 1940களின் நடுவில் நம் செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தார். எப்படிக் கொடுத்தார்? நுண்தூளாக்கி எண்ணெயில் விரவி ஊசிவழியே! நீரிற் கரையாத மருந்து, எண்ணெயில் மிதக்கும் துகளாக உடலிற் புகுந்தது. கல்கத்தாவில் மியூருக்குப் பின் பணியாற்றிய ஜான் லோ, பின்னர் நைஜீரியா சென்று, டாப்சோனை மாத்திரையாகவே கொடுக்கலாம் என்று காட்டினார். அவருக்குப் பின் கல்கத்தாவில் தொழுநோய் ஆய்வை நடத்திய டாக்டர் தர்மேந்திரா, 1955இல் செங்கற்பட்டில் நிறுவப்பட்ட மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆய்வு நிலையத்தின் இயக்குநராகத் தமிழகம் வந்தார். எண்ணெய் தெற்கிலிருந்து வடக்கே சென்றது. அறிவு வடக்கிலிருந்து தெற்கே வந்தது.

1982இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளுள் ஒன்றான கிளோபாசிமினும் நீரோடு ஒட்டாத பொருளே. நுண்துகளாக்கி, எண்ணெயும் மெழுகும் கலந்த பொருளில் இட்டு, மென்குளிகையாக அதனை வழங்குகின்றனர். சால்முக்ரா போயிற்று, எண்ணெய் போகவில்லை.

இனி, அண்டை வீட்டுப் பெண்ணின் குப்பிக்கு வருவோம். அவள் நாடும் நோய் தொழுநோய் அன்று. கரப்பான் முதலிய நாட்பட்ட தோல்நோய்கள். மருந்து செல்ல வேண்டிய இடமும் இரத்தக்குழாய் அன்று, தோலே. ஆயினும் ராஜர்ஸைத் தடுத்த அதே இடர் இங்கும் வாயிலில் நிற்கின்றது. நம் தோலின் மேற்படை மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கே கனமுடையது. அதில் உயிரற்ற செல்கள் செங்கற்கள் போல் அடுக்கப்பட்டிருக்க, இடையிடையே கொழுப்புச் சாந்து பூசப்பட்டிருக்கின்றது. நீர் வெளியேறாமலும் நஞ்சு உட்புகாமலும் காப்பது அச்சாந்தே. சோப்பின் வேலை கொழுப்பைக் கரைப்பது. களிம்பில் எண்ணெயையும் நீரையும் பிணைக்க இட்ட சோப்பினப் பொருள், கடுமையானதாயின், தோலின் சாந்தையும் அரிக்கும். நலமான தோல் இதைப் பொறுத்துக்கொள்ளும். வெடித்துப் புண்ணான தோல் எரியும். இவ்வினத்தில் 'சோடியம் லாரைல் சல்பேட்' என்பதனை, தோலில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கி ஆராய்வதற்கே தோலியலார் பயன்படுத்துகின்றனர் எனின், வேறு சான்று எதற்கு?

சோப்பின்றியும் எண்ணெயும் நீரும் கூடும் என்பதை முதலில் கண்டு 1903இல் எழுதியவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த வால்டர் ராம்ஸ்டென். நுண்ணிய திண்மத் துகள்கள் துளிகளின் மேற்பரப்பில் திரண்டு காக்கின்றன என்றார். நான்கு ஆண்டுகள் கழித்து 1907இல் ஸ்பென்சர் பிக்கரிங் இதனை விரிவாக ஆராய்ந்தார். அவர் மருத்துவரும் அல்லர். பழமரங்களின் பூச்சிகளைக் கொல்லப் பாரபின் எண்ணெயை நீரோடு கலந்து தெளிக்க விரும்பினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் உண்டாகும் நுண்பொருள் அவ்வெண்ணெயைப் பிரியாமல் நிறுத்தக் கண்டார். இன்று உலகம் முழுவதும் துகள்காப்புப் பால்மத்திற்குப் 'பிக்கரிங் எமல்ஷன்' என்றே பெயர். ராம்ஸ்டெனை நினைப்பார் சிலரே. ஆலிஸ் பால் போன்ற அநீதி இங்கு நிகழவில்லை. ஆனாலும் பெயர்கள் எப்பொழுதும் உரியவரைச் சென்று சேர்வதில்லை.

பால்மங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்த இந்தியருள் முன்னோடி, பின்னாளில் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் தந்தையாக விளங்கிய சாந்தி ஸ்வரூப் பட்நாகர். 1921இல் இலண்டனில் டோனன் என்னும் பேராசிரியரிடம் பயின்று, கொழுப்பு அமில உப்புகள் எண்ணெயின் பரப்பு இழுவிசையை மாற்றும் வகையை ஆராய்ந்து பட்டம் பெற்றார். பாட்டியின் சுண்ணாம்புத் தெளிவில் உண்டாகும் கால்சியச் சோப்பும் அவ்வகை உப்புகளுள் அடங்குவதே! அதே காலத்தில் அதே பேராசிரியரிடம் பணியாற்றிய ஞானேந்திரநாத் முகர்ஜி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பி, கூழ்மவியலில் ஒரு மாணவர் மரபையே உருவாக்கினார். பட்நாகரும் 1940இல் அலிப்பூர்ச் சோதனைக்கூடத்திற்கு வந்து, இரண்டாண்டுகள் இந்நகரிலிருந்தே நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சியை நடத்தினார்.

ஆயினும் துகள்காப்பு முறை நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. நுண்துகள்களை ஒரே அளவாகச் செய்யும் திறன் கைவந்த பின்னரே, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அது விழித்தது. அதன் வலிமை எங்குள்ளது என்பதைச் சிறிது விளக்குவோம். சோப்பின் மூலக்கூறு துளியின் பரப்பில் ஒட்டும், விலகும், மீண்டும் ஒட்டும், ஓயாத நடமாட்டம். துகளோ, எண்ணெயாலும் நீராலும் ஒருசேர நனைக்கப்படுமாயின், இரண்டுக்கும் நடுவே பதிந்துவிடுகின்றது. பத்து நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு, ஆரமுடைய துகளையும் அங்கிருந்து பெயர்க்க, மூலக்கூறுகளின் இயல்பான வெப்பத் துள்ளலைப் போல் சில ஆயிரம் மடங்கு ஆற்றல் வேண்டும். அத்துகள் நீரை மிகுதியாக விரும்பினால் எண்ணெய்த்துளிகள் நீருள் நிற்கும். எண்ணெயை மிகுதியாக விரும்பினால் நீர்த்துளிகள் எண்ணெயுள் நிற்கும். நாம் கடையும் வெண்ணெயிலும் கொழுப்புப் பளிங்குகள் நீர்த்துளிகளைச் சுற்றி இவ்வாறே காவல் நிற்கின்றன.

தோல்மருந்துக்கு இம்முறை உதவுமா என்பதைப் பல நாடுகளில் ஆராய்கின்றனர். பிரான்சின் லியோன் நகரத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வுகளில், சிலிக்காத் துகள் காத்த பால்மத்திலிருந்து மருந்துப்பொருள் தோலுக்குள் செல்லும் வகை, சோப்பினம் காத்த பால்மத்தினின்று மாறுபடக் கண்டனர்; உயிர்ச்சத்து ஏ-யின் வடிவமான ரெட்டினால் தோலின் மேற்படையிலேயே மிகுதியாகத் தங்கிற்று. மேற்படையில் தங்கவேண்டிய மருந்துக்கு இது நல்ல செய்தி. களிமண், மாச்சத்து, நண்டோட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்று துகள்கள் பல. துத்தநாக ஆக்சைடு தோலுக்குப் பழைய நண்பன். 1929இல் கல்கத்தாவில் கௌர்மோகன் தத்தா தொடங்கிய போரோலின் களிம்பின் வெண்மை அதனாலேயே. வங்காளத்தில் குடியேறிய தமிழ்வீடுகளிலும் அப்பச்சைக் குழாய் இல்லாத அலமாரி அரிது.

இடர்களும் இல்லாமல் இல்லை. நுண்துகள் புண்பட்ட தோலின் ஊடே இரத்தத்திற் புகுமா, நாட்பட்டால் என் செய்யும் என்பன ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனியே விடை காணவேண்டிய கேள்விகள். குப்பியில் ஆறு வாரம் பிரியாமல் நிற்பது வேறு. வெயிற்கால மருந்துக்கடை அலமாரியில் ஈராண்டு நிற்பது வேறு. மியூருக்குக் கெட்டுப்போன எண்ணெய் கற்பித்த பாடத்தை அப்பெண்ணுக்குச் சொன்னோம். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பாட்டியின் வலது கணுக்காலில் பல ஆண்டுகளாகக் கரப்பான் உண்டு. களிம்புகள் எரிகின்றன என்று தேங்காயெண்ணெய் ஒன்றையே தடவிவருகின்றார். நாம் எழுந்து புறப்படும்போது அவர் பேத்தியின் கையிலிருந்த குப்பியை வாங்கி விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தார்.

"இதை என் காலில் எப்போது போடுவாய்?"

"இன்னும் நாள் ஆகும், பாட்டி. முதலில் சோதனைத் தோலில் பார்க்க வேண்டும். அதன் பிறகு மருத்துவமனையில் அனுமதி வாங்கி, ஒப்புக்கொள்பவர்களிடம் பார்க்க வேண்டும்."

"ஒப்புக்கொள்பவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொள்" என்றார் பாட்டி.